ஆறு சொற்களும் பத்து நிமிடங்களும்: இயேசுவைப் பற்றிய படங்களைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பார்ப்பது?

யோவான் சுவிசேஷத்தின் 19ஆம் அதிகாரம் இப்படித் தொடங்குகிறது: "அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்." மொத்தம் ஆறு சொற்கள். மத்தேயுவிலும் மாற்குவிலும் இதற்கு ஒரு முழு வாக்கியம்கூடக் கிடையாது. "வாரினால் அடிப்பித்து, சிலுவையில் அறையும்படிக்கு ஒப்புக்கொடுத்தான்" என்று போகிற போக்கில் ஒரு வினையெச்சமாக வந்து முடிந்துவிடுகிறது. லூக்காவோ "தண்டித்து விடுதலையாக்குவேன்" என்று பிலாத்து சொன்னதை எழுதுகிறார், அடித்ததை எழுதவே இல்லை.

2004 பிப்ரவரி 25, சாம்பல் புதன் அன்று அமெரிக்காவில் வெளிவந்த மெல் கிப்ஸனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' படத்தில் இதே நிகழ்ச்சி ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடுகிறது. முதலில் பிரம்பு. அப்புறம் உலோகக் கொக்கிகள் கோத்த சாட்டை. சதை கிழிகிறது, எண்ணுகிறவன் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் முதல் முறை பார்த்தபோது பாதியில் தலையைக் குனிந்துகொண்டேன். நம் சபைகளில் அந்தப் படத்தைப் பார்த்த பலரிடம் கேட்டால் அழுததைத்தான் முதலில் சொல்வார்கள்.

அந்த ஆறு சொல்லுக்கும் பத்து நிமிடத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இயேசுவைப் பற்றியோ விசுவாசத்தைப் பற்றியோ ஒரு படம் வந்தால் நம்மிடையே வழக்கமாக இரண்டு குரல்கள் எழும்பும். "அருமையான படம், குடும்பத்தோடு பாருங்கள், ஆத்துமாக்கள் தொடப்படும்" என்பது ஒன்று. "வேதத்தில் இல்லாததைக் காட்டுகிறார்கள், பார்க்காதீர்கள்" என்பது மற்றது. எனக்கு இரண்டும் போதவில்லை. முதல் குரல் படத்தைச் சுவிசேஷமாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது குரல், படம் என்றாலே வேதத்தில் இல்லாததைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்பதைக் கவனிப்பதில்லை.

சுவிசேஷங்களை எழுதியவர்கள் எவ்வளவு விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இயேசுவின் உயரம் தெரியாது, நிறம் தெரியாது, முடி நீளமா குட்டையா என்பது தெரியாது. கானானிய ஸ்திரீயிடம் "பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து, நாய்க்குட்டிகளுக்குப் போடுகிறது நல்லதல்ல" என்று சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது? கடுமையாகவா, அவளுடைய விசுவாசத்தை வெளியே கொண்டுவரும் மெல்லிய புன்னகையோடா? மத்தேயு சொல்லவில்லை. வாசிக்கிற நாம் அதை முடிவு செய்யாமலே அடுத்த வசனத்துக்குப் போய்விடலாம். ஒரு இயக்குநருக்கு அந்த வசதி கிடையாது. கேமரா ஓடத் தொடங்கினால் நடிகர் ஏதோ ஒரு முகபாவத்தோடு, ஏதோ ஒரு தொனியில் அந்த வார்த்தைகளைச் சொல்லியே ஆக வேண்டும். தொனியைத் தேர்ந்தெடுத்த உடனே அந்த வசனத்துக்கு ஒரு வியாக்கியானமும் வந்துவிட்டது. ஆகவே எவ்வளவு பயபக்தியோடு எடுத்தாலும் ஒவ்வொரு இயேசு படமும் ஒரு பிரசங்கம்தான். வேதம் மௌனமாக இருக்கும் இடங்களில்தான் அந்தப் பிரசங்கம் அதிகமாக ஒலிக்கிறது.

நம் மொழிக்கு இது புதிதும் அல்ல. வேதத்தில் மரியாளின் கணவர் யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசியதாக எழுதப்படவில்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், கீழ்ப்படிகிறார், அவ்வளவுதான். அந்த யோசேப்பை வளன் என்ற பெயரில் தலைவனாக வைத்து வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அதில் உள்ள பல நிகழ்ச்சிகள் ஆகிர்தா மரியா என்ற ஸ்பெயின் நாட்டுக் கன்னியர் தியானத்தில் கண்டதாக எழுதிய நூலைத் தழுவியவை. கிப்ஸனின் படத்துக்கும் பின்னால் இதேபோல ஒரு கன்னியர் இருக்கிறார். ஜெர்மனியைச் சேர்ந்த அன்னா கேத்தரின் எம்மெரிக், 1774 முதல் 1824 வரை வாழ்ந்தவர். அவர் கண்ட காட்சிகள் என்று கவிஞர் கிளமென்ஸ் பிரென்டானோ எழுதி 1833இல் வெளிவந்த புத்தகத்திலிருந்து பல காட்சிகள் படத்துக்குள் வந்திருக்கின்றன. அடித்து முடித்த பிறகு பிலாத்துவின் மனைவி வெள்ளைத் துணிகளைக் கொண்டுவந்து மரியாளிடம் கொடுப்பதும், மரியாள் முழங்காலில் நின்று கல்தரையில் சிந்திய இரத்தத்தைத் துடைப்பதும் அங்கிருந்து வந்தவை. படத்தின் மிக அழகான காட்சிகளில் ஒன்று என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் வேதத்தில் அது இல்லை. அதே 2004ஆம் ஆண்டு அக்டோபரில் எம்மெரிக்குக்கு வத்திக்கான் முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) கொடுத்தபோதுகூட, பிரென்டானோ எழுதியதை அவருடைய சொந்த எழுத்தாகக் கணக்கில் எடுக்கவில்லை. அதில் கவிஞரின் கை எவ்வளவு, கன்னியரின் காட்சி எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

அப்படியானால் தேம்பாவணியைப் படித்து ரசிக்கிற நாம் படத்தை மட்டும் ஏன் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்? நியாயமான கேள்வி. வேறுபாடு கற்பனையில் இல்லை, கற்பனை போட்டுக்கொள்ளும் உடையில் இருக்கிறது. தேம்பாவணியைத் திறந்ததுமே நாட்டுப் படலம், நகரப் படலம் என்று யூதேயா நாடு நம் மருத நிலம்போல விரிகிறது. விருத்தப்பாவும் உவமையும் "இது காப்பியம்" என்று வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வருகின்றன. யாரும் அதை வரலாற்று ஆவணம் என்று மயங்க மாட்டார்கள். படம் அப்படிச் சொல்லாது. கிப்ஸன் அரமேயு, எபிரெயு, லத்தீன் மொழிகளிலேயே வசனங்களை வைத்து, பார்க்கிறவர் அன்றைய எருசலேம் தெருவில் நிற்பதாக உணர வைத்தார். அது பெரிய கலைச் சாதனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் ஆட்சியாளர்களும் மக்களும் பேசிக்கொள்ள அதிகம் பயன்பட்ட மொழி கிரேக்கம். சிலுவையின் மேல்விலாசம் "எபிரெயு கிரேக்கு லத்தீன்" என்ற மூன்று மொழிகளில் இருந்ததாக யோவானே எழுதுகிறார். படத்தின் வசனங்களில் கிரேக்கம் இல்லை. அசலைப்போலத் தோன்றுவதும் அசலாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் தேவையில்லை.

படம் ஒருமுறை மனதில் பதித்ததை அழிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு மகதலேனா மரியாளைப் பாருங்கள். லூக்கா 8:2 அவரைப் பற்றிச் சொல்வது "ஏழு பிசாசுகள் நீங்கின" என்பது மட்டும். அவர் விபசாரி என்று நான்கு சுவிசேஷங்களிலும் ஓரிடத்திலும் இல்லை. 591ஆம் ஆண்டளவில் போப் முதலாம் கிரெகோரி ஒரு பிரசங்கத்தில் இவரையும், லூக்கா 7இல் வரும் பாவியான ஸ்திரீயையும், பெத்தானியாவின் மரியாளையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பேசினார். மேற்கத்திய திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதையே சொல்லிக்கொண்டு வந்தது. 1969இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது ரோமத் திருச்சபையே அந்த அடையாளத்தைக் கைவிட்டது. ஆனால் திரைப்படங்கள் விடவில்லை. கிப்ஸனின் படத்திலும் யோவான் 8இல் கல்லெறியக் கொண்டுவரப்பட்ட பெண்ணாக மகதலேனாளே வருகிறார். மகதலேனாள் யார் என்று இன்று நம் ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளையிடம் கேளுங்கள், ஆசிரியரிடமும் கேளுங்கள். உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு, சீஷர்களுக்கே செய்தி கொண்டுபோன ஒரு பெண்ணை நாம் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

சரி, கண்ணீருக்கு வருவோம். அந்தப் படத்தைப் பார்த்து அழுதது பொய்யான உணர்ச்சி என்று நான் சொல்லவில்லை. யோவானுடைய முதல் வாசகர்களுக்கு "வாரினால் அடிப்பித்தான்" என்ற சொல் போதும். ரோமச் சாட்டையை அவர்கள் நேரில் கண்டவர்கள். நாம் கண்டதில்லை. நாம் வேகமாக வாசித்துக் கடந்துபோகும் ஒரு சொல்லுக்குள் என்ன இருந்தது என்று காட்டியதில் படம் நமக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு" என்ற ஏசாயா 53ஆம் அதிகார வசனத்தைப் படத்தின் தொடக்கத்தில் போட்டிருப்பதும் சரியான இடத்தில் சரியான வசனம்.

இருந்தாலும் சுவிசேஷகர்கள் ஏன் அங்கே நிற்கவில்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. பேதுரு மறுதலித்ததை எவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறார்கள்: குளிர், நெருப்பு, வேலைக்காரி, அவனுடைய பேச்சு வழக்கு, சேவல் கூவியது, வெளியே போய் மனங்கசந்து அழுதது. காயத்தை ஆறு சொல்லில் முடித்தவர்கள் துரோகத்தை இவ்வளவு நிதானமாகச் சொல்கிறார்கள். அவருடைய உடம்புக்கு என்ன ஆனது என்பதைவிட, அவரை நேசித்தவர்கள் என்ன செய்தார்கள், அவர் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்பதில்தான் அவர்கள் வாசகரை நிறுத்துகிறார்கள். சிலுவை சுமந்து போகும் வழியில் அழுதுகொண்டே பின்னால் வந்த பெண்களிடம் இயேசு திரும்பிச் சொன்னதையும் லூக்கா எழுதியிருக்கிறார்: "எருசலேமின் குமாரத்திகளே, நீங்கள் எனக்காக அழாமல், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள்." அவருடைய வேதனையைப் பார்த்து அழுத கூட்டத்திடமே அவர் சொன்ன வார்த்தை இது. படம் முடிந்து கண்களைத் துடைத்துக்கொண்டு எழும்பும்போது இந்த வசனம் ஞாபகத்துக்கு வந்தால் நல்லது.

அந்தப் படத்தில் இன்னொரு விஷயம் உண்டு, நம் சபைகளில் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மத்தேயு 27:25இல் ஜனங்கள் "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக" என்று கூப்பிடுகிறார்கள். எதிர்ப்பு வந்த பிறகு கிப்ஸன் இந்த வசனத்துக்குத் திரையின் கீழே வரும் மொழிபெயர்ப்பு வரியை (சப்டைட்டில்) எடுத்துவிட்டார், அரமேயு ஒலியில் அது அப்படியே இருக்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு? ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பெரிய வாரத்தில் நடந்த திருப்பாடுகளின் நாடகங்கள், "கிறிஸ்துவைக் கொன்றவர்கள்" என்று யூதர் எல்லோரையும் காட்டின. ஜெர்மனியின் ஓபராமர்காவ் கிராமத்தில் 1634 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற நாடகத்தை 1934இல் ஹிட்லர் போய்ப் பார்த்தான். யூதப் படுகொலைக்குப் பிறகு அந்தக் கிராமமே தன் நாடகத்தைப் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்துக்கு அன்றைய யூதர் எல்லோரையுமோ இன்றைய யூதரையோ குற்றவாளிகளாகச் சொல்லக் கூடாது என்று தெளிவாக அறிவித்தது. இந்தப் பின்னணி தெரியாத ஒருவர் படத்தில் வரும் பிரதான ஆசாரியர்களின் கூட்டத்தை ஒரு விதமாகப் பார்ப்பார், தெரிந்தவர் வேறு விதமாகப் பார்ப்பார். நம் ஊர்களிலும் பாஸ்கா நாடகம் உண்டு, யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சிகளை மேடையேற்றிவந்திருக்கிறது. யூதரையே பார்த்திராத நம் ஊரில்கூட மேடையில் வரும் யூதனை எப்படிக் காட்டுகிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல. இயேசுவும் யூதர், அழுத பெண்களும் யூதர், சிலுவையின் கீழே நின்ற தாயும் யூதப் பெண்.

இப்போது இன்னொரு வகைக்கு வரலாம். டல்லஸ் ஜென்கின்ஸ் இயக்கும் 'தி சோசன்' தொடர் நம் வாலிபர்கள் பலர் பார்க்கும் தொடர். பெரிய ஸ்டூடியோ எதுவும் இல்லாமல் பொதுமக்களிடமிருந்தே 1 கோடி டாலருக்கு மேல் திரட்டி 2019இல் முதல் சீசனை வெளியிட்டார்கள். கிப்ஸன் கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தை எடுத்தார் என்றால், ஜென்கின்ஸ் எடுத்துக்கொண்டது சுவிசேஷங்கள் மௌனமாக இருக்கும் சாதாரண நாட்களை. சீமோனின் வரிக்கடன், அவனுடைய மனைவி, இரவுச் சமையல், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசும் சீஷர்கள். தொடரின் ஆரம்பத்திலேயே, இடங்களையும் காலத்தையும் சுருக்கியிருக்கிறோம், சில கதாபாத்திரங்களையும் பின்னணிகளையும் சேர்த்திருக்கிறோம், சுவிசேஷங்களை நீங்களே வாசியுங்கள் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. கிப்ஸனின் படத்தில் இது இல்லை.

தொடரில் ஜோனதன் ரூமி நடிக்கும் இயேசு சிரிக்கிறார், சீஷர்களைக் கேலி செய்கிறார், கல்யாண வீட்டில் ஆடுகிறார். இயேசு அழுததாகச் சுவிசேஷங்களில் உண்டு, சிரித்ததாக ஓரிடத்திலும் இல்லை என்று நான்காம் நூற்றாண்டிலேயே கிறிசோஸ்தோம் என்ற திருச்சபைத் தந்தை தன் பிரசங்கத்தில் சுட்டிக்காட்டினார். ஆனால் குழந்தைகள் பயமில்லாமல் நெருங்கி வந்த ஒருவர், "போஜனப்பிரியன்" என்று திட்டு வாங்கும் அளவுக்கு விருந்துகளில் உட்கார்ந்த ஒருவர் சிரிக்கவே இல்லை என்று நினைப்பதுதான் எனக்குக் கடினம். இங்கே தொடரின் வியாக்கியானம் சுவிசேஷத்தின் போக்கோடு ஒத்துப்போகிறது என்றே நினைக்கிறேன்.

அதே தொடரில் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்த ஒரு காட்சி மூன்றாம் சீசனில் வருகிறது. சின்ன யாக்கோபு கால் ஊனமுள்ளவராக வருகிறார். அந்த நடிகருக்கே உண்மையில் அப்படிப்பட்ட உடல்நிலை உண்டு. மற்றவர்களைச் சுகமாக்க அனுப்பப்படும்போது அவர் இயேசுவிடம் கேட்கிறார்: என்னை மட்டும் ஏன் சுகமாக்கவில்லை? இயேசு அவரை அன்போடு பார்த்து, சுகமாகாமலே தேவனைத் துதிக்கிற உன் சாட்சி இன்னும் பெரியது என்ற பொருளில் பதில் சொல்கிறார். சுகமளிக்கும் கூட்டங்களுக்கு வருஷக்கணக்கில் போய், "உனக்கு விசுவாசம் போதாது" என்ற வார்த்தையோடு வீடு திரும்பியவர்கள் நம் சபைகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்தக் காட்சி மருந்துபோல இருக்கும்.

ஆனால் இந்தக் காட்சி வேதத்தில் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கம், தம்மிடம் வந்த "அவர்களெல்லாரையும் அவர் சொஸ்தமாக்கி" என்று மத்தேயு 12:15 சொல்கிறது. அப்படியானால் தொடர் சொல்வது தவறா? அப்படியும் இல்லை. மாம்சத்தில் ஒரு முள்ளோடு மூன்று தரம் வேண்டிக்கொண்ட பவுலுக்குக் கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" என்பதுதான். எழுத்தாளர்கள் அந்தப் பதிலை எடுத்து, சில ஆண்டுகள் முன்னால் நகர்த்தி, வேறொருவரின் வாழ்க்கையில் வைத்திருக்கிறார்கள். சுகமாகாத ஒரு சகோதரிக்கு ஆறுதல் சொல்லப் போகும்போது அந்தக் காட்சியைக் காட்டுங்கள், தவறே இல்லை. ஆனால் "இயேசு சின்ன யாக்கோபுக்கு இப்படிச் சொன்னார்" என்று சொல்லாதீர்கள். 2 கொரிந்தியர் 12ஐத் திறந்து வாசியுங்கள். நாளைக்கு வேறொரு தொடர் வேறு மாதிரிச் சொல்லும், அப்போது காட்சியின் மேல் கட்டின ஆறுதல் நிற்காது. பவுலின் முள் அங்கேயே இருக்கும்.

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று" தினமும் வேதவாக்கியங்களில் தேடிப் பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. அவர்கள் சந்தேகத்தோடு கேட்கவில்லை, "மனோவாஞ்சையாய்" ஏற்றுக்கொண்டுதான் தேடினார்கள். படம் பார்ப்பதற்கும் இந்த இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்று நினைக்கிறேன். ஆவலோடு பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் தேடவும் வேண்டும்.

தேடாமல் தடுக்க மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2006இல் 'தி டாவின்சி கோட்' வந்தபோது, இயேசுவுக்கும் மகதலேனாளுக்கும் திருமணம் நடந்தது, அதைத் திருச்சபை மறைத்தது என்ற கதைக்கு எதிராகக் கிறிஸ்தவ அமைப்புகள் கொந்தளித்தன. தமிழ்நாடு அரசு படத்தைத் தடை செய்தது. தணிக்கைக் குழு 'ஏ' சான்றிதழும், இது கற்பனை என்ற அறிவிப்பும் சேர்த்து அனுமதித்த படம் அது. சென்னை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்த மனவேதனை உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சில மாதங்கள் நமக்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு. கி.பி. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் ஓட்டெடுப்பு நடத்தித்தான் இயேசுவைத் தேவனாக்கினார்கள் என்று அந்தக் கதை சொல்கிறது. அதற்கு 250 ஆண்டுகளுக்கு மேல் முன்பே பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் "அவர் தேவனுடைய ரூபமாயிருந்தும்" என்று எழுதிவிட்டார். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று ரோம ஆளுநர் பிளினி கி.பி. 112 வாக்கில் பேரரசருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இதையெல்லாம் எத்தனை சபைகளில் வாலிபர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தோம்? ஊர்வலம் போனோம், மனு கொடுத்தோம். அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபோது அதே கேள்வியை அறைத் தோழன் கேட்டிருப்பான்.

இதற்கு நேர்மாறான ஒரு வகையும் உண்டு, அதுதான் எனக்கு அதிகக் கவலை. நம்மை நோகடிக்காமல், தட்டிக்கொடுக்கும் விசுவாசப் படங்கள். 2014இல் வெளிவந்த 'காட்ஸ் நாட் டெட்' சுமார் 20 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 6 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் நாத்திகப் பேராசிரியர் கொடுமைக்காரர், விசுவாசியான மாணவன் வகுப்பறையில் வாதாடி ஜெயிக்கிறான். பார்த்து முடித்ததும் நமக்குத் தெம்பு வருகிறது. ஆனால் நாம் அன்றாடம் சந்திக்கிற, விசுவாசமில்லாத ஆனால் நல்ல மனிதரான பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று அந்தப் படம் சொல்லித் தரவில்லை. அவரைப் பார்க்கும்போதே எதிரியாகப் பார்க்கப் பழக்குகிறது. சாட்சிப் படங்களிலும் சாட்சிப் புத்தகங்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. பரலோகம் போய்வந்ததாக ஒரு சிறுவனின் பெயரில் அமெரிக்காவில் வெளிவந்த புத்தகம் பெரிய அளவில் விற்பனையானது. 2015இல் அந்தச் சிறுவனே அது கற்பனை என்று அறிவித்தான், பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. நம் விருப்பத்துக்கு ஒத்துப்போகிற கதையை நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தில் எல்லாவற்றையும் என்றுதான் இருக்கிறது.

இயேசுவைப் படமாகக் காட்டுவதே தவறு என்று சொல்கிறவர்களின் குரலையும் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பத்துக் கட்டளைகளில், சொரூபம் செய்யாதே என்ற இரண்டாம் கட்டளையைப் பயபக்தியோடு கைக்கொள்கிற சபைகள் இவை. தேவன் மாம்சமாகித் தம்மைக் காணச் செய்தார், ஆகவே வரையலாம் என்று எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு யோவான் என்ற இறையியலாளர் கொடுத்த பதிலோடு நான் உடன்படுகிறேன். ஆனாலும் அவர்கள் சொல்லும் ஒரு விஷயம் அனுபவத்தில் உண்மை: ஜெபிக்கக் கண் மூடினால் ஒரு நடிகரின் முகம் வருகிறது. 1977இல் வந்த 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்' தொடரில் நடித்த ராபர்ட் பவலின் நீலக் கண்கள் எத்தனை பேர் மனதில் இயேசுவின் கண்களாகவே தங்கிவிட்டன! "அவரை விரும்பத்தக்க ரூபம் அவருக்கு இல்லாதிருந்தது" என்று ஏசாயா எழுதியிருக்க, நாம் அழகான ஐரோப்பியரைப் பார்த்தே பழகிவிட்டோம். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து ஒரு முகத்தோடு நின்றுவிடாமல் இருப்பது. 1978இல் ஏ. பீம்சிங் இயக்கிய 'கருணாமயுடு' தெலுங்குப் படத்தில் விஜயசந்தர் என்ற நம் தென்னிந்திய முகம் இயேசுவாக வந்தது. பாசமலர் எடுத்த அதே பீம்சிங்தான். பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள். அவர் இப்படித்தான் இருந்தார் என்று எந்த முகத்துக்கும் சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தானாகப் புரியும்.

வீட்டில் நாங்கள் செய்வது ஒன்றுதான். படம் பார்க்கும் முன்னால் அந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்துவிடுவோம், பார்த்த பிறகு இன்னொரு முறை. இரண்டாவது வாசிப்பில் பிள்ளைகளே நிறுத்துவார்கள்: "இது இங்கே இல்லையே?" சில சமயம் அதற்கு மறுபக்கமும் நடக்கும்: "இது படத்தில் வரவே இல்லை." இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. படம் எதைச் சேர்த்தது என்பதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். எதை விட்டது என்பது வசனத்தை வாசித்தவருக்கு மட்டுமே தெரியும்.

அப்படி ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கிப்ஸனின் கடைசிக் காட்சி எனக்கு உறைத்தது. கல் உருள்கிறது, வெளிச்சம் கல்லறைக்குள் நகர்கிறது, சுற்றியிருந்த துணி காற்றுப் போனதுபோலத் தளர்ந்து படிகிறது. பக்கவாட்டில் இயேசுவின் முகம். அவர் எழுந்து நடக்கும்போது கையில் ஆணித் துளை. அழகான காட்சிதான். ஆனால் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரில் ஒருவரும் அந்தக் கணத்தை எழுதவில்லை. உயிர்த்தெழுந்ததை யாரும் பார்க்கவில்லை. சவுக்கடிக்காவது ஆறு சொற்கள் இருந்தன, இதற்கு ஒரு சொல்கூட இல்லை. சனிக்கிழமை ஓய்வுநாள் முடிகிறது, வாரத்தின் முதல் நாள் அதிகாலையில் பெண்கள் சுகந்தவர்க்கத்தோடு நடந்து வருகிறார்கள், கல்லை யார் புரட்டித் தருவார்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வருகிறார்கள், நிமிர்ந்து பார்க்கிறார்கள். கல் ஏற்கனவே புரட்டப்பட்டிருக்கிறது.